பூங்காவில் அறிவிப்புப் பலகை வைக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வையுங்கள்

எங்கள் தெருமுனையில் மாநகராட்சியின் சின்னப் பூங்கா ஒன்று இருக்கிறது. ஓர் ஊஞ்சல், ஒரு சறுக்கு, எட்டு சிமெண்டு பெஞ்ச், நடைபாதை, ஒரு தண்ணீர்க் குழாய். அவ்வளவுதான். குழாய் காணாமல் போகும், ஊஞ்சல் செயின் அறுந்து தொங்கும், சுற்றுச்சுவரில் காதலும் கட்சியும் டியூஷன் சென்டரும் மாறி மாறி இடம் பிடிக்கும். "ஒரு போர்டு வைத்தால் என்ன?" என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேட்டவர் நான்தான். அதனால் வேலையும் என் தலையில் விழுந்தது.

ஒரு பெரிய பலகை, மூன்று சின்னப் பலகைகள். இதற்கு எனக்கு ஐந்து மாதமும் 17,490 ரூபாயும் ஆனது. அதில் முதல் இரண்டு மாதமும் 4,800 ரூபாயும் சுத்தமாக வீண். அந்த வீண் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். ஊர்ப் பெயர் சொல்லவில்லை, அந்த அலுவலகப் படியில் நான் இன்னும் ஏற வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு நகரங்களில் நடைமுறை ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

1. பலகைக்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

இருபது ரூபாய் நோட்டு போதும். மூன்று வாரம் எழுதுங்கள்: எது உடைந்தது, எந்த நாள், எத்தனை மணிக்குள், யார் பார்த்தார்கள். முதல் முறை நான் இதைச் செய்யவில்லை. "பொறுக்கிப் பசங்க வேலை" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன்.

நோட்டுப் போட்டு எழுதிய பிறகு வேறு கதை தெரிந்தது. ஊஞ்சலைக் கெடுத்தது டியூஷன் முடிந்து ஏழு மணிக்கு மேல் வரும் பையன்கள். ஊஞ்சலின் ஒரே இருக்கையில் இரண்டு பேர் நின்றுகொண்டு ஆடினால் கொக்கி வாய் விரிந்துவிடுகிறது. அவர்கள் மட்டும் இல்லை. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஆடும் தாத்தா ஒருவரும் உண்டு, அவர் எங்கள் சங்கத்துப் பொருளாளர். குழாயைக் கழற்றியது வேறு ஆள், பித்தளைக்காக வருபவர். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் விடியற்காலை நான்கு மணிக்குப் பசை வாளியோடு வருகிறவர்கள்.

மூன்றுக்கும் ஒரே பலகை வேலை செய்யாது. தெரியாமல் கெடுப்பவருக்குப் பலகை உதவும். பழைய இரும்புக் கடைக்குக் கொண்டு போகிறவருக்கு உதவாது. அங்கே குழாயைத்தான் மாற்ற வேண்டும். நாங்கள் பிளாஸ்டிக் குழாய் போட்டோம், அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. சுவரொட்டிக்கோ, ஒட்டியவரின் போன் நம்பர் சுவரொட்டியிலேயே இருக்கிறது. கூப்பிட்டுப் பேசினாலே பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள்.

2. அந்த இடம் யாருடையது என்று உறுதி செய்யுங்கள்

இது அற்பமாகத் தோன்றும். ஆனால் தப்பான அலுவலகத்தில் மனு கொடுத்தால் ஒரு மாதம் போய்விடும். பூங்காவும் விளையாட்டுத் திடலும் பெரும்பாலும் மாநகராட்சி அல்லது நகராட்சியுடையவை. மேம்பாலத் தூண் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கலாம், ஏரிக்கரை நீர்வளத் துறையிடம், கோயில் குளம் அறநிலையத் துறையிடம். எங்கள் பூங்காவுக்குள்ளேயே ஒரு சிக்கல் வந்தது: மேற்குச் சுவர் பக்கத்திலிருக்கும் அரசுப் பள்ளியுடையது. அதற்குத் தலைமை ஆசிரியரிடம் தனிக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது.

தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள குகை, கல்வெட்டு, பழங்கோயில் என்றால் நீங்களாக எதுவும் நட வேண்டாம். அங்கே பலகை வைப்பது துறையின் வேலை. நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. குழி தோண்டப் போய் நீங்கள் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

3. மனுவும் கூட வைக்க வேண்டிய தாள்களும்

எங்கள் முதல் 4,800 ரூபாய் இங்கேதான் போனது. "நல்ல காரியம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று மூன்று ஃபிளெக்ஸ் போர்டுகளை இரும்புச் சட்டத்தில் அடித்து நாங்களே வைத்தோம். செலவுக்கு உதவிய ஒரு கடையின் பெயரைக் கீழே சின்னதாகப் போட்டிருந்தோம். ஆறாவது வாரம் அனுமதி இல்லாத விளம்பரம் என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கோபம் வந்தது, ஆனால் விதி அப்படித்தான். கடைப் பெயர் இருந்தால் அது விளம்பரம், விளம்பரத்துக்கு உரிமம் வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். நன்கொடையாளருக்கு ரசீது கொடுங்கள், கூட்டத்தில் துண்டு போர்த்துங்கள். பலகையில் மட்டும் பெயர் வேண்டாம்.

மனு ஆணையர் பெயருக்கு எழுதி, மண்டல உதவி ஆணையர் வழியாகக் கொடுக்க வேண்டும். வார்டு உதவிப் பொறியாளருக்கும் மாமன்ற உறுப்பினருக்கும் நகல். கூட வைத்தவை இவை:

- சங்கப் பதிவுச் சான்றிதழ் நகல். பலகை வைக்க முடிவெடுத்த கூட்டத் தீர்மான நகல்
- சேதத்தின் புகைப்படங்கள், தேதியோடு. எட்டுப் படம் போதும், எண்பது வேண்டாம்
- பூங்காவின் கைவரைபடம், பலகை வரும் இடங்களில் சிவப்புப் புள்ளி
- பலகையின் மாதிரி: அளவு, நிறம், முழு வாசகம்
- உறுதிமொழிக் கடிதம்: விளம்பரம் இருக்காது, பராமரிப்பு எங்களுடையது, மாநகராட்சி கேட்டால் அகற்றிவிடுவோம்

கடைசித் தாள்தான் கோப்பை நகர்த்தியது. இது பின்னால் தங்கள் தலையில் வந்து விழுமோ என்பதுதான் அதிகாரியின் கவலை. அதை நீங்களே முதலில் தீர்த்துவிட்டால் கையெழுத்து போட அவருக்குத் தயக்கம் இருக்காது. பதிவு செய்யாத சங்கம் என்றால், தெருவாசிகள் இருபது முப்பது பேர் கதவு எண்ணோடு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் கோரிக்கை சொல்லும் கூட்டம்) நடந்தால் அங்கே ஒரு கோரிக்கையாகப் பதிவு செய்துவிடுவது இன்னும் நல்லது.

மனு கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். "போங்க சார், நான் பார்த்துக்கிறேன்" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள், ஆனால் மறுபடி போகும்போது அந்த இருக்கையில் வேறு ஒருவர் இருப்பார்.

4. காத்திருப்பு

எங்களுக்கு ஒன்பது வாரம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நேரில் போனேன். போனில் கேட்டால் கோப்பு எப்போதும் "மேலே போயிருக்கு". ஆறாவது வாரம் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன்: இந்தத் தேதி மனுவின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு யாரிடம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்ட். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதில் வரும் முன்பே அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. எடுத்த எடுப்பில் இதைப் போடாதீர்கள், உறவு கெட்டுவிடும்.

பெரிய வேலையாக, சுவர் கட்டுவது, விளக்கு போடுவது என்று சேர்த்துச் செய்ய நினைத்தால் நமக்கு நாமே திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட்டால் மீதி அரசு. வெறும் பலகைக்கு அவ்வளவு தூரம் போவது வீண்.

5. சுத்தம் செய்யாமல் பலகை வைக்கவே வைக்காதீர்கள்

"இங்கு குப்பை கொட்டாதீர்" என்ற எழுத்து பாதி குப்பைக்குள் புதைந்திருப்பதை நம் ஊரில் பார்க்காதவர் உண்டா? அந்தப் பலகை சும்மா நிற்கவில்லை, கெடுதல் செய்துகொண்டு நிற்கிறது. இந்தச் சொல்லை இங்கே யாரும் மதிப்பதில்லை என்று போகிற வருகிறவருக்கெல்லாம் அறிவிக்கிறது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்தில் ஒரு சந்தில் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். சைக்கிள் நிறுத்தும் இடம், எதிரே "சுவரில் எழுதாதே" என்ற அறிவிப்பு. சைக்கிள் கைப்பிடிகளில் துண்டு விளம்பரங்களை மாட்டிவிட்டு, அதை யார் கீழே போடுகிறார்கள் என்று எண்ணினார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் போட்டார்கள். அதே அறிவிப்பு, ஆனால் சுவர் முழுக்கக் கிறுக்கல் என்றபோது 69 சதவீதம்.

ஆகவே வரிசை இதுதான்: சுவரைச் சுரண்டு, பட்டி பார்த்துப் பெயின்ட் அடி, செயினை மாற்று, அன்றைக்கே பலகையை வை. எங்களுக்கு இந்தச் சுவர் வேலை 5,200 ரூபாய். பெயின்ட் டப்பாவில் இருக்கும் ஷேடு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு லிட்டர் மீதி வையுங்கள். ஒட்டுப் போட்ட இடம் வேறு நிறத்தில் தெரிந்தால் அடுத்த கிறுக்கல் அதன் மேல்தான் விழும்.

6. வாசகம்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

எங்கள் முதல் ஃபிளெக்ஸில் சிவப்பு எழுத்தில் "சுவரில் கிறுக்காதீர்" என்று போட்டிருந்தோம். பத்தே நாளில் யாரோ கடைசி இரண்டு எழுத்தை மட்டும் பிளேடால் நேர்த்தியாகச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது "சுவரில் கிறுக்கா". நடைப்பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவரையும் பலகை "கிறுக்கா" என்று கூப்பிட்டது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த வாசகத்தை எழுதினாலும், ஓரெழுத்து போனால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்கிறேன். பள்ளிப் பையன் ஒருவனிடம் கொடுத்துப் பாருங்கள், இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான்.

அடுத்த பொறி, புலம்பல். "பலர் இங்கே ஊஞ்சலை உடைக்கிறார்கள், இது வேதனை அளிக்கிறது" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அமெரிக்காவில் அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் உள்ள தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் துண்டு துண்டாக எடுத்துப் போய்விடுவார்கள். உளவியல் பேராசிரியர் ராபர்ட் சியால்டினி குழுவினர் அங்கே இரண்டு விதப் பலகைகளை வைத்துப் பார்த்தார்கள். "நிறையப் பேர் எடுத்துப் போய்விட்டதால் காடே மாறிவிட்டது" என்ற பலகை இருந்த பாதையில் அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் 7.92 சதவீதம் களவு போனது. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று மட்டும் சொன்ன பலகை இருந்த இடத்தில் 1.67. எல்லோரும் செய்கிறார்கள் என்று நாமே விளம்பரம் செய்தால், சரி, நாமும் செய்யலாம் போலிருக்கிறது என்றுதான் தோன்றும்.

ஊஞ்சலுக்கு நாங்கள் கடைசியில் எழுதியது இது:

"இந்த ஊஞ்சல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. ஒரு நேரத்தில் ஒருவர். எடை கூடினால் கொக்கி விரிந்து குழந்தை விழும். கொக்கி விரிந்திருந்தால் உடனே சொல்லுங்கள்:" அதன் கீழே போன் நம்பர்.

தடை ஒரு வரி, காரணம் ஒரு வரி, செய்ய வேண்டியது ஒரு வரி. கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. முதல் வாரம் வந்த போன் எங்கள் பொருளாளருடையது. மூன்றாவது வாரம் வந்தது அந்த டியூஷன் பையன்களில் ஒருவனுடையது: "அங்கிள், கொக்கி கொஞ்சம் விரிஞ்ச மாதிரி இருக்கு. நாங்க ஆடல." ஆடினார்களா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

போன் நம்பர் யாருடையது என்று முன்பே முடிவு செய்யுங்கள். காவலாளி மாறிவிடுவார், செயலாளரும் மாறிவிடுவார். பெண்களின் சொந்த எண்ணைப் போடவே வேண்டாம், ராத்திரித் தொல்லை வரும். பழைய போன் ஒன்றில் தனி சிம் போட்டு, பொறுப்பில் இருப்பவரிடம் கை மாற்றிக்கொள்கிறோம். கூடவே மாநகராட்சிப் புகார் எண் (சென்னை என்றால் 1913), அவசரத்துக்கு 112.

சாமி படம் பற்றி ஒரு வார்த்தை. சுவரில் பிள்ளையார், சிலுவை, பிறை பதித்த டைல்ஸ் வைத்தால் சிறுநீர் கழிக்க மாட்டார்கள் என்பார்கள். சில இடங்களில் பலிக்கிறது. ஆனால் அரசு இடத்தில் அது ஒரு நாள் உடைந்தால், உடைந்தது டைல்ஸ் என்று யாரும் பேச மாட்டார்கள். எங்கள் கூட்டத்தில் இந்த யோசனையை நான் ஒற்றை ஆளாக எதிர்த்தேன். முறைத்துப் பார்க்கும் கண் படம் வேறு ஒரு வழி: இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சைக்கிள் நிறுத்தங்களில் அப்படி வைத்தபோது அங்கே திருட்டு 62 சதவீதம் குறைந்தது. ஆனால் படம் வைக்காத நிறுத்தங்களில் 65 சதவீதம் கூடியது. நம் தெருவுக்கு நல்லது, அடுத்த தெருவுக்குக் கஷ்டம்.

7. சட்டத்தைச் சொல்லும்போது

பழைய பலகையைப் பார்த்து இ.பி.கோ. (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) பிரிவு 427 என்று காப்பி அடிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. அதில் சொத்துக்குச் சேதம் விளைவிப்பது பிரிவு 324-இல் வருகிறது, அரசு அல்லது உள்ளாட்சிச் சொத்து என்றால் ஓராண்டு வரை சிறை. 1984-ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் ஐந்தாண்டு வரை போகும். திறந்தவெளி இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் இருக்கிறது, சுவரொட்டி அதில்தான் வரும். பலகையில் ஒரே ஒரு சட்டத்தைச் சின்ன எழுத்தில் போட்டால் போதும், மனுவின் மாதிரியிலும் அதே வரி இருக்கட்டும்.

"மீறினால் ரூ.5,000 அபராதம்" என்று நீங்களாக ஒரு தொகை எழுத வேண்டாம். சங்கத்துக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் இல்லை. கேமரா இல்லாமல் "நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்" என்பதும் வேண்டாம், இரண்டாம் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பிடிபட்ட பையன் படத்தைப் பலகையில் ஒட்டலாம் என்று ஒருவர் சொன்னார். செய்யவே கூடாது. 18 வயதுக்குக் கீழே இருந்து வழக்கும் ஆனால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். உள்ளே போவது நீங்களாக இருக்கும்.

8. அச்சுக் கடையில்

ஃபிளெக்ஸ் மலிவு, ஆனால் வெயிலில் வெளிறிவிடும், இல்லையென்றால் யாராவது கூரைக்குப் போர்த்த எடுத்துப் போவார்கள். தனி இரும்புத் தகடு என்றால் எடைக்குப் போய்விடும். ஏசிபி ஷீட்டில் (நடுவில் பிளாஸ்டிக், இரு பக்கமும் மெல்லிய அலுமினியம்) வினைல் ஸ்டிக்கர் ஒட்டி வாங்குங்கள், பழைய சாமான் கடையில் யாரும் எடுக்க மாட்டார்கள். எங்களுக்கு ஆன கணக்கு:

- பெரிய பலகை 3×4 அடி, சதுர அடி 160 ரூபாய் வீதம்: 1,920
- சின்னப் பலகை 1×1½ அடி, மூன்று: 720
- ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) கால் இரண்டு, வெல்டிங்: 2,600
- குழி, கான்கிரீட், கூலி: 1,500
- கிளாம்பு, திருகு: 350
- ஆட்டோ: 400

மொத்தம் 7,490. சுவர் வேலையையும் முதலில் வீணாக்கியதையும் சேர்த்தால் மேலே சொன்ன 17,490.

தமிழ் எழுத்துருதான் பெரிய தலைவலி. நீங்கள் போனில் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டில் இருக்கும். சில கடைகளில் இன்னும் அதை ஏற்காத பழைய எழுத்துரு வைத்திருப்பார்கள். அவர்கள் பார்த்துப் பார்த்து மறுபடி அடிப்பார்கள், ஒற்று பறந்துவிடும், கொம்பு இடம் மாறிவிடும், "பூங்கா" "பூஙகா" ஆகும். அச்சுக்கு முன் மாதிரியைக் கேட்டு வாங்கி, சத்தமாக எழுத்தெழுத்தாகப் படியுங்கள். போன் நம்பரை மாதிரியிலிருந்து பார்த்து ஒரு தடவை கூப்பிடுங்கள். எங்கள் நம்பரில் ஓர் இலக்கம் தவறி, ஒரு லாரி ஷெட்டுக்குப் போயிருந்தது.

எழுத்து, படிக்கிற தூரம் பத்தடி என்றால் குறைந்தது ஓர் அங்குல உயரம். தமிழுக்கு ஒன்றரை வைத்தால் நல்லது, புள்ளியும் சுழியும் தெரிய வேண்டுமே. நிறத்தில் கவனம். கறுப்பு–சிவப்பு வைத்தால் ஒரு கட்சி, பச்சை வைத்தால் இன்னொன்று, காவி வைத்தால் வேறொன்று. மஞ்சளில் கறுப்பு எழுத்து, போக்குவரத்துப் பலகை மாதிரி இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். கவுன்சிலர் பெயரும் போட வேண்டாம். தேர்தல் அறிவித்தால் நடத்தை விதி என்று தாளை ஒட்டி மறைப்பார்கள், பெயரோடு சேர்ந்து உங்கள் வாசகமும் மறைந்துவிடும்.

9. நடுவது

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள், ஈர மண்ணில் கால் சாயும். குழி ஒன்றரை அடி ஆழம். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், மின்கம்பத்தில் கட்டாதீர்கள். பெரிய பலகை வாசலில். மற்றவை எதைப் பற்றிப் பேசுகின்றனவோ அதன் பக்கத்திலேயே, சிறுவர் கண் உயரத்தில். ஊஞ்சலுக்கான அறிவிப்பை நான்கடிக்கு மேல் வைத்தால் ஆட வந்த குழந்தைக்குத் தெரியாது. குழி தோண்டும் நாளில் அனுமதிக் கடித நகல் சட்டைப் பையில் இருக்கட்டும். யாராவது ஒருவர் வண்டியை நிறுத்தி "யார் பர்மிஷன்?" என்று கேட்காமல் போக மாட்டார்.

10. அதற்குப் பிறகு

நோட்டை மூடிவிடாதீர்கள். பலகைக்கு முந்தைய மூன்று மாதத்தில் ஊஞ்சல் கொக்கி நான்கு தடவை போனது, பிந்தைய மூன்று மாதத்தில் ஒரு தடவை. சுவரொட்டி பெரிதாகக் குறையவில்லை. அதற்கு விடியற்காலை நடைப்பயிற்சிக் கூட்டம்தான் மருந்து, ஒட்டிய அன்றே நனைத்துச் சுரண்டிவிடுகிறார்கள். பெஞ்சில் பெயர் செதுக்குவது தொடர்கிறது. கருங்கல் பெஞ்சுக்கு மாற்றக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

சின்னப் பலகைகளின் வினைலை மட்டும் கூடுதலாக மூன்று பிரதி அடித்து வாங்கி வையுங்கள், ஒன்று எண்பது தொண்ணூறு ரூபாய்தான் ஆகும். யாராவது சுரண்டினால் அன்று சாயங்காலமே பழையதை உரித்துப் புதியதை ஒட்டிவிடலாம், அச்சுக் கடைக்காரரின் சௌகரியத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். நாங்கள் இதுவரை இரண்டை மாற்றியிருக்கிறோம். மூன்றாவது சுருட்டி என் வீட்டுப் பரணில் இருக்கிறது.